கனமில்லாத பிள்ளை

மடியில் வாங்கியபோது பிள்ளைக்குக் கனமே இல்லை.

தேசம்மா தன் பிள்ளையைப் பார்த்து இருபது நாளாகிவிட்டது. ஐந்து மாதக் கைப்பிள்ளையை நொச்சிக்குப்பத்தில் புருஷனிடம் விட்டுவிட்டு, மயிலாப்பூர் வக்கீல் வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்க வந்திருந்தாள். ஒரு வாரமாகப் பால் வற்றிக்கொண்டே வந்தது. பூண்டுக் கஞ்சிக்கும் வெந்தயத்துக்கும் அசையவில்லை. "எம்புள்ளய ஒரு தபா காட்டுங்கம்மா, தானா எறங்கும்" என்று எஜமானி அங்காளம்மாளை அரித்துக்கொண்டே இருந்தாள். இன்று மத்தியானம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

"வெயில்ல தூக்கினு வந்தாங்க. தூங்குது. துணியப் பிரிக்காத, எழுந்துக்கும். அப்படியே அணைச்சுக்கோ" என்றபடி அங்காளம்மாளே ஜன்னல்களைச் சாத்தினாள்.

பின்கட்டு அறையின் இருட்டில், ஜன்னல் இடுக்கு வெயில் கம்பிபோல நிற்க, கச்சேரி ரோட்டு டிராம் மணி எங்கோ தேய்ந்து போக, பிள்ளையைச் சுற்றியிருந்த தன் பழைய புடவைக் கிழிசலிலிருந்து தேங்காயெண்ணெயும் புளித்த பாலும் கடல் ஈரமும் கலந்த பிள்ளை வாசனை எழுந்து மூக்கில் ஏறியதும், தேசம்மாவின் காம்புகள் குத்தி, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பால் இறங்கி முந்தானை நனைந்தது. அங்காளம்மாள் சட்டென்று தன் குழந்தையை வலப்பக்கம் பொருத்தினாள். அது ஆவலாகக் குடித்தது.

இடப்பக்கத்துப் பிள்ளை மூச்சு விடவில்லை.

தேசம்மா குனிந்து காதை வைத்தாள். சரசரவென்று ஒரு சத்தம். காய்ந்த சத்தம். விரலால் அழுத்தினாள். ஏதோ முனை குத்தியது. வைக்கோல்.

மாட வீதியில் பால்காரன் மாட்டுக்கு முன்னால் நிறுத்துகிற கன்று நினைவுக்கு வந்தது. வெறும் தோல், உள்ளே வைக்கோல். மாடு நக்கும். மடி சுரக்கும். உயிரோடு இருக்கிற கன்றை யாரும் உரிக்கமாட்டார்கள்.

"எம்புள்ள எப்ப செத்தான்?"

அங்காளம்மாள் தன் குழந்தையின் தலையை விடவில்லை. "ஒரு வாரமாச்சு. பேதி. சொன்னா பால் நின்னுடும்னுதான்... ஒம்புருஷனேதான் துணியக் குடுத்தனுப்பினான். கத்தாதடீ, குழந்த குடிக்குது."

ஒரு வாரம். யாரும் சொல்லாமலே மார்புக்குத் தெரிந்திருக்கிறது. அதையும் ஏய்த்துவிட்டார்கள்.

தேசம்மா கத்தவில்லை. குழந்தையின் வாயோரம் விரலை விட்டுக் காம்பை எடுத்து, அந்தக் குழந்தையை அங்காளம்மாள் கையில் திணித்தாள்.

"மாடு வாயத் தொறந்து கேக்காதும்மா. நான் கேப்பேன். ஒம்புள்ளைக்கு நீயே குடு. ஒனக்கும் ரெண்டு கீதுல்ல."

"அது பொம்மடீ. கீழ வை."

"பொம்மன்னு தெரிஞ்சுதான குடுத்த? இனிமே இதான் எம்புள்ள. இந்தப் பால் இதுக்குத்தான்."

முகம் இருக்கவேண்டிய பக்கத்தை இடது மார்பில் வைத்து அழுத்தினாள். வீம்புக்குத்தான். அங்காளம்மாள் பார்க்கட்டும் என்றுதான்.

சரசரப்பு நின்றது.

ஈரம். சூடு. பிறகு ஒரு இழுப்பு. பல்லில்லாத ஈறு. தெரிந்த இழுப்பு.

அங்காளம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தேசம்மா குனிந்து பார்த்தாள். கையைத் தளர்த்தவில்லை.

"குடி" என்றாள். "நல்லாக் குடி."

துணி மடிப்பு ஏறியது. இறங்கியது. மடக். மடக். பிறகு தலை தானாக வலப்பக்கம் திரும்பியது. கிழிசலுக்கு வெளியே மஞ்சள் வைக்கோல் தாள்களாக ஐந்து விரல்கள் நீண்டு, வக்கீல் வீட்டுக் குழந்தை விட்டுப்போன காம்பைப் பற்றிக்கொண்டன.