மதுவந்தியின் நிமிர்த்து விழா

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில், பத்தொன்பது வயதானதும் பிள்ளைகளின் முதுகைத் திறந்து உலோகத் தண்டு பொருத்துவது, பூமியில் காது குத்துவதைப் போன்ற ஒரு விசேஷம். பத்திரிகை அடிப்பார்கள். உறவினர்கள் சீர்த்தட்டோடு வருவார்கள். அங்கே ஈர்ப்பு குறைவு; அங்கேயே பிறந்தவர்கள் மளமளவென்று உயர்ந்துவிடுவார்கள். அந்த உயரத்தைத் தாங்காமல் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். அதை ‘நுண்கரம்’ என்னும் அறுவை இயந்திரம் ஐந்து மணி நேரத்தில் நிமிர்த்திவிடும். அதுவரை மூவாயிரம் பேருக்கு அது நிமிர்த்தியிருந்தது. பதினொரு பேர் மட்டும் மேசையிலேயே இறந்துபோயிருந்தார்கள். உடலை அறுத்துப் பார்க்க எந்த வீட்டாரும் சம்மதிக்காததால், ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளரான இளங்குமரனுக்கு மதுவந்தி ஒரே மகள். விண்கலம் ஓட்டும் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. முதுகு நேரானால்தான் அதில் இடம் கிடைக்கும். அவள் அம்மா சங்கரவடிவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. நிமிர்த்து விழா முடிந்ததும் நிச்சயதார்த்தம்.

அந்த ஊரில் ஜாதகம் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். பெண்ணும் பிள்ளையும் ‘உயிரேட்டை’ மாற்றிக்கொள்வார்கள். பிறந்த நாள் முதல் வந்த நோய் நொடியும், யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் இருக்கும். மதுவந்தியின் உயிரேடு வெள்ளை வெளேரென்று இருந்தது. பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

விழா நாளன்று மருத்துவமனைக் கூடம் நிறைந்திருந்தது. அந்தப் பதினொரு மரணங்களை ஆறு ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் டாக்டர் பெனாசிர், ஒரு சந்தேகத்தோடு பெற்றோரிடம் வந்தார்.

“சின்ன வயசுல காய்ச்சலோட முட்டி வீங்கியிருக்கா? நெஞ்சுல ஏதாவது கோளாறுன்னு யாராவது சொன்னாங்களா?”

“உயிரேட்டுலதான் எல்லாம் இருக்கே டாக்டர்” என்றார் இளங்குமரன்.

“அதைப் படிச்சுட்டேன். அதுல இல்லாதத கேக்கறேன்.”

இரண்டடி தள்ளி, மாப்பிள்ளையின் தாய் கண்ணாடித் தோட்டத்து ஆரஞ்சுப் பழத்தட்டோடு நின்றிருந்தாள். சங்கரவடிவு கணவனின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

“அப்படி எதுவும் இல்ல டாக்டர்” என்றார் அவர்.

பெனாசிர் தலையசைத்து நகர்ந்தார். இதயத்தின் உள்ளே பார்க்கும் கருவி குடியிருப்பில் ஒன்றுதான் இருந்தது. உயிரேட்டில் இதய நோய் பதிவாகியிருப்பவர்களுக்கு மட்டுமே அதற்கு அனுமதி.

படுக்கையில் ஏறும்போது மதுவந்தி தாழ்ந்த குரலில் கேட்டாள். “அப்பா, சின்னப் பிள்ளையில மூணு வாரத்துக்கு ஒரு தடவ ஊசி போட்டமே, அது எதுக்கு?”

“அது சத்து ஊசிடி” என்று அம்மா முந்திக்கொண்டாள். “பேசாம படு. எந்திரிக்கும்போது அம்மாவ விட ரெண்டு முழம் உசரமா இருப்ப.”

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அது சத்து ஊசி இல்லை. ஏழாவது வயதில் தொண்டை வலியில் தொடங்கிய காய்ச்சல் அவளுடைய முட்டிகளை வீங்கச் செய்து, இதயத்தின் ஒரு வால்வையும் புண்ணாக்கியிருந்தது. சுரங்க முகாமில் இருந்த ஒரு மருத்துவர், பெற்றோர் கெஞ்சிக் கேட்டதால் எதையும் பதிவில் ஏற்றாமல் வைத்தியம் பார்த்தார். இருபத்தொரு வயது வரை ஊசியை நிறுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். ஐந்து வருடம் போட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு செவிலி குடிவந்து, “எங்க அடிக்கடி முகாம் பக்கம் போறீங்க?” என்று கேட்டதும் நிறுத்திவிட்டார்கள்.

நான்காவது மணி நேரத்தில், இழந்த ரத்தத்துக்கு ஈடாக நுண்கரம் வேகமாகத் திரவம் ஏற்றியது. நல்ல இதயத்துக்கு அது சரியான அளவு. சுருங்கிக் கிடந்த வால்வைத் தாண்ட முடியாமல் ரத்தம் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இயந்திரம் உயிரேட்டைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தது. அதில் காரணம் எதுவும் இல்லை.

மதுவந்தியை வெளியே கொண்டுவந்தபோது அவள் முதுகு நேராக இருந்தது. சங்கரவடிவு அந்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிள்ளை வீட்டார் எப்போது கிளம்பினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் இளங்குமரன் தனியாக டாக்டரின் அறைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். பெனாசிர் தன் ஆராய்ச்சிக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பதினொரு வீட்டுலயும் கேட்டேன். பதினொரு வீட்டுலயும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க. உண்மை சொன்ன மொத ஆள் நீங்கதான்.”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

“நுண்கரம் திரவத்த மெதுவா ஏத்தியிருக்கும். இல்லன்னா மொதல்ல வால்வ சரி பண்ணியிருப்போம். அது அரை மணி நேர வேலை.”

இளங்குமரன் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு, “இத நானே எல்லாருக்கும் சொல்றேன்” என்றார்.

மறுநாள் குடியிருப்பின் எல்லாத் திரைகளிலும் அவர் முகம் தெரிந்தது. “எம்பொண்ணுக்கு நெஞ்சுல நோய் இருந்துச்சு. நான் மறைச்சேன். நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்ல வெக்கப்பட்டு அவள அனுப்பி வச்சுட்டேன். உங்க பிள்ளைங்களுக்கு இருந்தா சொல்லிடுங்க. அது பரம்பரை நோய் இல்ல. சரி பண்ணிடலாம்.” பார்த்தவர்களில் அழாதவர்கள் இல்லை.

அடுத்த நாள் காலை மருத்துவமனைப் பதிவகத்தின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. பெனாசிருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருட ஆராய்ச்சிக்கு ஒரு தகப்பன் விடை தந்துவிட்டான் என்று நினைத்தபடி, புதிய படிவங்களோடு தானே போய் உட்கார்ந்தார்.

முதலில் நின்றவர் இளங்குமரனின் உடன்பிறந்த தம்பி செந்தூரான்.

“சொல்லுங்க” என்றார் பெனாசிர் கனிவோடு. “எதை எழுதணும்?”

“எழுத வேண்டாம் டாக்டர், எடுக்கணும். எங்க உயிரேட்டுல அவர் என் அண்ணன்னு போட்டிருக்கு. அந்த ஒறவ மட்டும் நீக்கிடுங்க. பின்னால நிக்கறவங்களும் அவரோட சொந்தக்காரங்கதான். அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

பெனாசிர் வரிசையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல?”

“இருக்கா டாக்டர். அடுத்த புதன் அவளுக்கு நிமிர்த்து விழா.”

“சின்ன வயசுல அவளுக்குக் காய்ச்சல், முட்டி வீக்கம்...”

செந்தூரான் பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“சேச்சே! எங்க குடும்பத்துல அந்த மாதிரியெல்லாம் யாருக்குமே கிடையாது டாக்டர்.”