இரும்பின் கழுத்தில் பட்டு நூல்

சாக்கின் மேல் வரிசையாக இருந்த மண் குவியல்களில் கடைசிக் குவியல் மட்டும் நீலமாக இருந்தது.

அம்சவேணி கிரில் கதவின் உள்பக்கம் நின்று அதைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றி ஊற்றிப் போர்க் குழாயை இறக்கும்போது மேலே வரும் சேற்றில் ஒரு பிடி அள்ளிச் சாக்கில் வைப்பது மெஷின்காரர் வீரபத்திரனின் வழக்கம். எந்த ஆழத்தில் என்ன மண் என்று அதில் தெரிந்துவிடும். செம்மண், மணல், பிசுபிசுப்பான கருங்களி. அதற்கப்புறம் இது. சிமெண்டுச் செதில்கள், ஒருபக்கம் மட்டும் நீலம்.

"இன்னாண்ணா அது?"

வீரபத்திரன் ஒரு செதிலை லுங்கியில் துடைத்துத் திருப்பிப் பார்த்தார். "பெயிண்டும்மா."

எதிர்வீட்டு எஸ்தர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் குடுத்த பெயிண்ட்டுக்கா! உன் வூட்டுக்குள்ள மேல்தளத்துல அடிச்சது போக மீதியைப் பூமிக்குள்ள ஊத்திட்டியா?"

"போடி. பழைய வூடு ஏதாச்சும் பொதைஞ்சிருக்கும்."

போர் லாரி நுழைய முடியாத சந்து அது. அதனால்தான் துண்டு துண்டாகக் கழற்றித் தோளில் தூக்கி வரும் இந்தச் சின்ன மெஷின். தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டுச் சண்டை பிடித்தே தேய்ந்துபோன தெருவுக்கு, அலையாய் அலைந்து இதை வரவழைத்தவள் அம்சவேணி. நாளைக்கு மெஷின் அடுத்த ஊரான தாமலுக்குப் போய்விடும். அவள் வாசலில்தான் நாலடி இடம் இருந்தது. வெளிப்பக்கம் திறக்கும் கிரில் கதவை மெஷினின் கால் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். "அடைக்கட்டும், நான் உள்ள குந்திக்கினு தறிக்குத் தார் நூல் சுத்தறேன்" என்று சொல்லிவிட்டாள். மெஷின் எகிறாமல் இருக்க அதன் கால்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

காலையில் பூசை போடும்போது மட்டும் வீரபத்திரன் முகம் சுளித்தார். தெருப் பெண்ணொருத்தி மெஷினில் மஞ்சள் நூல் கட்ட வேண்டும். அது மேலே நிற்கும் காலில்தான் கட்டுவது. அம்சவேணி கீழே இறங்கும் இரும்பின் கழுத்தில் கட்டினாள்.

"கீழ போறதுல கட்டாதம்மா. நூல் கட்டனவங்களையும் இட்டுக்கினு போயிடும்னு சொல்லுவாங்க."

"தண்ணி கீழதானண்ணா இருக்குது?"

மஞ்சள் தடவிய பட்டு நூல். தறியில் அறுந்த பாவு இழையை இணைக்கும் முடிச்சு, ஒரு வாலை நீளமாக விட்டு. அப்படி விடுவது அவள் மட்டும்தான். அதற்காகத் தறிக்காரர்கள் அவளைத் திட்டாத நாளில்லை.

இப்போது வீரபத்திரன் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குழாயில் காதை வைத்திருந்தார்.

"யாரோ தட்டறாப்ல இருக்குது."

"கல்லா இருக்கும்."

"கல்லு சொரண்டும்மா. தட்டாது. இது விட்டு விட்டு, அவசரமா." அவர் எஸ்தரின் புருஷன் டேனியலைப் பார்த்தார். மெஷினுக்குக் கைகொடுக்க வந்த டேனியலும் காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று விலகினான். "எடுத்துட்டு வேற எடம் பாக்கலாம்மா," என்றார் வீரபத்திரன்.

"வேற எடம் ஏதுண்ணா?" என்றாள் அம்சவேணி. "தண்ணி வராம இத நான் நகர வுடமாட்டேன். கல்லுதான். ஓட்டுங்கண்ணா."

சேறு வீட்டுக்குள் தெறித்தது. பட்டு வீணாகிவிடும் என்று டேனியல் கிரில்லின் மேல் தார்ப்பாயை இழுத்து வெளிப்பக்கம் கட்டினான். மத்தியானத்திலேயே வீடு இருண்டது. டியூப்லைட் போட்டுவிட்டு, டீசல் புகையும் ஈரக்களியும் கலந்த வாடையில், தரை வழியாக ஏறி முதுகெலும்பை உலுக்கும் அதிர்வைச் சகித்துக்கொண்டு, அவள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டையில் நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தொப்பென்று ஒரு சத்தம். குழாய் கையை விட்டு நழுவி விழுந்தாற்போல.

"காலி எடம்மா!" தார்ப்பாய்க்கு அப்பால் வீரபத்திரனின் குரல். "ஊத்தற தண்ணி சேறா மேல வரல. அத்தனையும் உள்ள எறங்குது."

"ஊத்துங்கண்ணா. ரொம்பற வரைக்கும் ஊத்துங்க. எஸ்தரு, எல்லார் வூட்டுக் கொடத்தையும் கொண்டாரச் சொல்லுடி."

குடங்கள் உரசும் ஓசை. தண்ணீர் கொட்டும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

வெகுநேரமாக எதுவுமே இல்லை என்பது ராட்டையை நிறுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்ஜின் இல்லை. எஸ்தரின் வாய் இல்லை. பக்கத்துத் தறிகளின் சத்தம்கூட இல்லை. காதில் பஞ்சை அடைத்தாற்போன்ற அமைதி.

"அண்ணா? டீ குடிக்கப் போயிட்டீங்களா?"

ராட்டையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எஸ்தரு! விளையாடாதடி."

கிரில்லைத் தள்ளினாள். அசையவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, அதற்கப்பால் நீட்டினாள். மெஷினின் சூடான இரும்பு படும் என்று நினைத்தாள். மணல் மூட்டையாவது.

விரல்கள் களியில் புதைந்தன.

சில்லென்று. வழவழவென்று. மேலே தடவினாள், களி. கீழே, களி. தார்ப்பாயைக் கிழித்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் கம்பிகளுக்கு வெளியே ஒரே கருப்புச் சுவர், நிலைப்படி முதல் மேல் விளிம்பு வரை. சந்து இல்லை. எதிர்வீடு இல்லை. கம்பி கம்பியாகக் களி உள்ளே பிதுங்கியது.

சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். அங்கேயும் அதே கருப்பு.

அப்போதுதான் இன்ஜின் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவளுக்கு உயிர் வந்தது. ஒரு நொடிதான்.

சத்தம் வாசலில் இல்லை.

தலைக்கு மேலே. வெகு உயரத்தில். மெதுவாக இறங்கி, நெருங்கி, அரைத்துக்கொண்டு.

"வீரபத்திரண்ணா! நான் கீழ இருக்கறேன்! நிறுத்துங்க!"

ஒட்டடைக் குச்சியை எடுத்து மேல்தளத்தைத் தட்டினாள். தட்டினாள். மூச்சு வாங்கியது. மறுபடியும் தட்டினாள். விட்டு விட்டு. அவசரமாக.

கை தானாக நின்றது.

இன்ஜினும் நின்றது. மண்ணுக்கு அப்பால், குழாய் வழியாக ஒழுகி வந்தாற்போல மெல்லிய குரல்கள்.

"யாரோ தட்டறாப்ல இருக்குது."

"கல்லா இருக்கும்."

அந்த இரண்டாவது குரல். அவளுக்கு அது தெரியும்; அவளுடைய குரலேதான்.

"கல்லு சொரண்டும்மா. தட்டாது."

"கல்லு இல்ல!" அம்சவேணி அலறினாள். குச்சி முறிந்தது. முஷ்டியால் சுவரைக் குத்தினாள். "நான்தான்! அடியே, நான்தாண்டி! வேணாம்னு சொல்லு!"

மேலே அந்தக் குரல் தயங்கவே இல்லை.

"கல்லுதான். ஓட்டுங்கண்ணா."

நீலச் செதில் ஒன்று உதிர்ந்து அவள் நெற்றியில் விழுந்தது. இன்னொன்று. ராட்டையின் மேல். பட்டின் மேல். மேல்தளத்தில் வட்டமாக ஒரு விரிசல் சுழன்றது. விரிசல் உடைந்து, சேறு சொட்டச் சொட்ட இரும்பு உள்ளே இறங்கியது.

அதன் கழுத்தில் மஞ்சள் நூல்.

ஒரு வால் நீளமாக.

சுவரோடு ஒட்டி நின்றாள். இரும்பைச் சுற்றிக் குழம்புபோலச் சேறு ஒழுகத் தொடங்கியது. ராட்டை மூழ்கியது. கணுக்கால் சில்லிட்டது. துளைக்கு மேலே, எங்கோ வெளிச்சத்தில், குடங்கள் ஒன்றோடொன்று உரசின.

"அத்தனையும் உள்ள எறங்குது."

"ஊத்துங்கண்ணா. ரொம்பற வரைக்கும் ஊத்துங்க."