கடிதத்தின் இரண்டாம் பக்கம்

அன்று காலையும் ஹெதர் மேசையில் நான்கு கிண்ணங்களைத்தான் வைத்தாள். தனக்கு, கணவன் கிரெய்க்குக்கு, இரண்டு குழந்தைகளுக்கு. மாமியார் லோர்னாவுக்கு வைக்கவில்லை. எட்டு மாதமாக இப்படித்தான். லோர்னா எல்லோருக்கும் ஓட்ஸ் கஞ்சியை ஊற்றிவிட்டு, ஜன்னலோரம் நின்றபடியே ஒரு ரொட்டித் துண்டைத் தின்றாள். பழகிவிட்டால் அவமானமும் தொண்டையில் இறங்கிவிடுகிறது.

பக்கத்துக் கூடத்தில் ஹெதரின் தங்கை டெஸ்ஸா படுத்திருந்தாள். மாடி ஏற முடியாததால் அங்கேயே கட்டில் போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வயது. மார்பில் வந்த புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. அவள் அம்மாவும் பெரியம்மாவும் இதே நோயில்தான் போனார்கள்.

அந்தப் பயத்தில்தான் மூன்று வருடம் முன்பு அவள் லீட்ஸ் நகரத்துக்குப் போய்ப் பெரிய டாக்டர்களைப் பார்த்தாள். நோய் வராமல் தடுக்க டமாக்ஸிஃபென் மாத்திரையை ஐந்து வருடம் சாப்பிடலாம், உங்கள் ஊர் டாக்டருக்குக் கடிதம் போடுகிறோம், அவர் எழுதித் தருவார் என்றார்கள். ஊரில் இருந்தது ஒரே கிளினிக். அதில் டாக்டர் கிரெய்க். தபாலைப் பிரித்து அவன் மேசையில் வைப்பதும், அவன் பார்த்து முடித்ததை ஃபைலில் சேர்ப்பதும் லோர்னாவின் வேலை. கடிதம் வந்தது, மாத்திரை வரவில்லை. அக்கா வீட்டுக்காரனிடம் போய் நச்சரிக்க டெஸ்ஸாவுக்குக் கூச்சம். தேவையென்றால் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. கட்டிதான் வந்தது.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று ஹெதர் கேட்ட அன்று லோர்னா முந்திக்கொண்டாள். டாக்டரிடம் காட்டாமல் நான்தான் தவறுதலாக ஃபைலில் வைத்துவிட்டேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மகன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருட வேலையையும் விட்டாள். மகன் குடித்தனம் உடையக் கூடாது, பேரக்குழந்தைகள் இரண்டு வீட்டுக்கும் அலையக் கூடாது. பெற்ற மனசுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

நேற்றுத்தான் எல்லாம் குலைந்தது. தன் ஃபைலின் நகல் வேண்டுமென்று டெஸ்ஸா எழுதிப் போட்டிருந்தாள். அது தபாலில் வந்தது. உறையைப் பிரிக்கக் கையில் வலுவில்லாமல் லோர்னாவிடமே கொடுத்தாள். கடிதத்தின் முதல் பக்க ஓரத்தில் கிரெய்க்கின் எழுத்து: "நன்றாக இருக்கிறார். மாத்திரை வேண்டாம். ஃபைலில் வைக்கவும்." அது லோர்னாவுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இரண்டாம் பக்கம். 'இவருடைய அக்காவுக்கும் இதே ஆபத்து உண்டு. அவரிடமும் இந்த மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும்.' இரண்டு பக்கத்தையும் லோர்னா டெஸ்ஸாவுக்குப் படித்துக் காட்டினாள். தங்கை நோயில் விழுந்த பிறகு, தனக்கும் வருமா என்று ஹெதர் இரண்டு முறை கிரெய்க்கிடம் கேட்டிருக்கிறாள். வருடம் ஒரு ஸ்கேன் எடுத்தால் போதும் என்று அவன் வாயை அடைத்துவிட்டான்.

"நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க அத்தை," என்றாள் டெஸ்ஸா. "நான் சொன்னா, சாகப்போற கோவத்துல பேசறான்னு ஆயிடும்."

இப்போது பள்ளி வண்டி குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனதும் லோர்னா அந்தத் தாள்களை மருமகள் முன்னால் வைத்தாள்.

"படிம்மா. ரெண்டாம் பக்கத்தையும் படி."

ஹெதர் ஒரு முறை படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

கிரெய்க் மறுக்கவில்லை. நோயே இல்லாதவளுக்கு எப்படி மருந்து எழுதுவது என்று கேட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவன் எழுதிக் கொடுத்த வேறொரு மாத்திரையால் ரத்தம் கட்டி ஒரு பெண் செத்துப்போனாள். இந்த மாத்திரையிலும் அந்த ஆபத்து உண்டு. லீட்ஸ்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், கையெழுத்துப் போடுகிறவன் நான்தானே என்றான்.

"கொடுத்து ஏதாவது ஆனா அது என் தப்பு. கொடுக்காம நோய் வந்தா அது விதி. அப்படி நினைச்சுதான் ஹெதர் நான் தைரியமா தூங்கினேன்."

கூடத்திலிருந்து டெஸ்ஸாவின் குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"சாப்பிட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்கலாம், கிரெய்க். அது எனக்கும் தெரியும். நீ வேண்டாம்னு நினைச்சதுகூட பரவால்ல... ஒரு போன் பண்ணி, எழுதித் தர எனக்குப் பயமா இருக்கு, நீ என்ன சொல்றேன்னு கேட்டிருக்கலாமில்ல? உசுரு என்னோடதுதானே?"

கிரெய்க் எழுந்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவனிடம், சாயங்காலம் இங்கே வர வேண்டாம் என்று ஹெதர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. எதைக் காப்பாற்ற எட்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளோ, அதைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு லோர்னா நின்றாள். பழி நீங்கியது. அதில் அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

"உங்க பிள்ளைக்காக என்கிட்ட பொய் சொன்னீங்க," என்றாள் ஹெதர். "அதை நான் லேசுல மறக்க மாட்டேன். ஆனா... உங்களை என்னவெல்லாம் பேசினேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே அத்தை..."

மாமியாரின் தோளில் விழுந்து விம்மினாள். லோர்னாவும் அழுதாள், அழுதுகொண்டே பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போன் செய்து பதினொரு மணிக்கு நேரம் வாங்கினாள். மாத்திரையின் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லி, முடிவை ஹெதரிடமே விட வேண்டும் என்று கறாராகக் கேட்டுக்கொண்டாள்.

டெஸ்ஸாவைப் பார்க்கும் நர்ஸ் வந்த பிறகும் ஹெதருக்குக் கிளம்ப மனம் வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க ரெண்டு பேரும்," என்றாள் டெஸ்ஸா. "குழந்தைங்க வந்தா நான் பார்த்துக்கறேன்."

தலையணையிலிருந்து தானாகத் தலையைத் தூக்க முடியாதவள் அதைச் சொன்னாள்.

"சரிம்மா, பார்த்துக்கோ," என்றாள் லோர்னா, கோட்டை மாட்டிக்கொண்டே.