மேஜைக்கு அடியில் ஒன்றரை மணி நேரம்

அக்கா அழுதால் சத்தமே வராது. மூக்கு மட்டும் சிவக்கும். அன்று மதியம் இரண்டரை மணிக்கு அவள் மூக்கு தக்காளிபோல் இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில், 'இன்னும் ஐந்து மணி நாற்பது நிமிடம்' என்று காட்டியது.

"போச்சு. எல்லாம் போச்சு," என்றாள் அக்கா.

என்ன போச்சு என்று சொல்கிறேன். அக்கா இரண்டு வருடமாகக் களிமண் பொம்மைகளை வைத்து ஒரு படம் எடுத்தாள். குடை பிடித்த குண்டு மாமாதான் அதில் கதாநாயகன். அவர் கையைத் துளி நகர்த்த வேண்டும், ஒரு போட்டோ. இன்னும் துளி நகர்த்த வேண்டும், இன்னொரு போட்டோ. இப்படி எட்டாயிரத்துச் சொச்சம். நடுவில் நான் ஒரு தும்மல் போட்டு, குண்டு மாமா கவிழ்ந்து, ஒரு நாள் வேலை பாழானது. அந்தக் கதை இப்போது எதற்கு?

சினிமா சொல்லித்தரும் கல்லூரியில் சேர, அத்தனை போட்டோவையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்ப வேண்டும். அன்று ஐந்து மணிக்குக் கிளம்பும் கூரியர் வண்டிதான் கடைசி. டிஸ்க்கோ அன்று காலைதான் கைக்கு வந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட ஏழு வயது பெரியது. அதனால் அதற்கு 'அண்ணன்' என்று பெயர். பதினொன்றரை மணிக்கு அக்கா போட்டோக்களை டிஸ்க்கில் காப்பி எடுக்க ஆரம்பித்தபோதும் அண்ணன் இதையேதான் காட்டினார். ஐந்து மணி நாற்பது நிமிடம். கணக்குப் போட்டால் ஐந்து பத்துக்கு முடியும். வண்டி போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்!

அப்பா எலக்ட்ரீஷியன். சும்மா இருப்பாரா?

"பழைய பெட்டிம்மா, அதான் நகருது. புதுசா ஒரு கார்டு செருகினா, டிஸ்க் வயரைச் செருக வேகமான பாயின்ட் கிடைக்கும். பறக்கும் பாரு!" என்று கடைக்கு ஓடினார்.

கார்டு செருக அண்ணனை அணைக்க வேண்டும். பாதி ஓடிய காப்பியை நிறுத்தினார்கள். அப்பா மூடியைக் கழற்றி, கார்டைச் செருகி, திருகை முடுக்கினார். புதுப் பாயின்ட், மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியின் பின்பக்கம் இருந்தது. டிஸ்க்கின் வயர் ஒரு சாண்தான்.

"நீ குனிஞ்சு கஷ்டப்படாத," என்று பழைய பிரிண்டரின் நீட்டு வயரைத் தேடி எடுத்தார். நான் தூசி துடைத்துக் கொடுத்தேன். வயரோடு வயர் சேர்த்து, டிஸ்க்கை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். வயரை நீட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

எது காப்பி ஆனது, எது ஆகவில்லை என்று தெரியாததால், அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்போதுதான், இரண்டரை மணிக்கு, திரையில் மறுபடி அதே ஐந்து மணி நாற்பது நிமிடம்!

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கெடுத்தேன். சும்மா விட்டிருந்தாகூட அந்த வண்டிக்காரர்கிட்ட பத்து நிமிஷம் கெஞ்சிப் பார்த்திருக்கலாம்."

அக்கா குண்டு மாமாவை எடுத்து வீசினாள். அவர் உருண்டு மேஜைக்கு அடியில் போனார்.

எனக்குத் தாங்கவில்லை. தவழ்ந்து போய் அவரைத் தேடினேன். குடை வளைந்திருந்தது. மெதுவாக நிமிர்த்தினேன். பக்கத்திலேயே அண்ணனின் முதுகு. புதுக் கார்டில் காலியாக இருந்த துளைக்குள் பளிச்சென்று நீலம் தெரிந்தது. டிஸ்க்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதன் வயர் முனைக்குள்ளும் இதே நீலத்தைப் பார்த்திருந்தேன். ஆனால் நான் தூசி துடைத்த வயரில்?

"அப்பா! கார்டும் நீலம், டிஸ்க் வயரும் நீலம். நடுவுல உங்க வயர் மட்டும் ஏன் வெள்ளை?"

"வயர்ல என்னடா நீலம், வெள்ளை..." என்ற அப்பா சட்டென்று நிறுத்தினார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! நீலம்தான் வேகம்! அது பழைய பாயின்ட்டுக்கான வயர்! நடுவுல அது இருந்தா வேகம் எப்படி வரும்?"

"எடுத்துடலாமா?" என்றேன்.

"தொடாத!" அக்கா கத்தினாள். "ஒரு தடவை நிறுத்தினதே போதும்!"

"இது முடிய ராத்திரி எட்டு மணி ஆகும்க்கா. வண்டி ஏற்கெனவே போன மாதிரிதானே? இன்னொரு தடவை நிறுத்தினா புதுசா என்ன போயிடப் போகுது?"

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காப்பியை நிறுத்தினாள்.

டிஸ்க்கின் வயரை நானே நேராகக் கார்டில் செருகினேன். அக்கா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மணி மூன்று.

"எவ்வளவுக்கா?"

அடியிலிருந்து எனக்குத் திரை தெரியவில்லை.

"ஒரு மணி... இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள் அக்கா.

ஒரு சாண் வயர் தரையைத் தொடவில்லை. தொங்கவிட்டால் கழன்றுவிடும். ஸ்டூல் நுழைய இடமில்லை. அதனால் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். கால் மரத்தது. ஒரு தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அதை விழுங்கினேன்.

நான்கு இருபத்தைந்துக்கு அக்கா என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அப்போது அவள் அழுதாள், சத்தமாக.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது கூரியர் கடையில் நின்றோம். கடைக்காரர் பெட்டியை ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கினார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க அண்ணா," என்றேன். "நானே ஒன்றரை மணி நேரம் தும்மாம வச்சிருந்தேன்!"