கதவில்லாத அறை

தொலைபேசிக் கம்பி எதுவும் கொளுவாத அந்தப் பழைய கணினியின் திரையில், ‘இந்த அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்’ என்று நொர்வேஜிய மொழியில் ஒரு வரி வந்து நின்றது.

கரோலினா அதை மறுபடியும் வாசித்தாள். டிசம்பர் மாதம், பிற்பகலிலேயே ஒஸ்லோவின் விளிம்பிலுள்ள வெஸ்ட்லியின் அடுக்குமாடிகளின் மேல் இருட்டு இறங்கியிருக்க, ஹீட்டரில் கருகும் தூசியின் மணமும், கணினி விசிறி இழுத்து இழுத்து விடும் மூச்சும், கீழே கடைசி நிலையத்தில் வந்து நிற்கும் ரயிலின் கிறீச்சொலியும் அந்தச் சின்ன அறையில் கலந்திருந்தன.

இணையம் வீடுகளுக்கு வருமுன், ஆட்கள் தொலைபேசிக் கம்பியில் மொடெம் வழியாக ஒருவருடைய வீட்டுக் கணினிக்கு அழைப்பெடுத்து விளையாடிய எழுத்து விளையாட்டு அது. படம் கிடையாது. ‘வடக்கே ஒரு கதவு’ என்று திரை சொல்லும். ‘வடக்கே போ’ என்று தட்டினால் அடுத்த அறை வரும். அங்கே ஒஸ்லோவின் வேறொரு மூலையிலிருந்து யாரோ வந்து நிற்பார்கள். தொண்ணூறுகளில் பியோர்ண்டாலில் அதை நடத்திய றெஜினோல்ட், போன கிழமைதான் இந்தக் கணினியை அவளிடம் கொடுத்தார். அத்தகைய விளையாட்டுகளின் வரலாற்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக் காலத்தில் அவளும் அதை விளையாடியவள். ஒருநாள் பயந்து அதைக் கைவிட்டவள்.

அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“றெஜி அண்ணை, வயர் ஒண்டும் கொளுவேல்லை. பிறகேன் ரெண்டு பேர் எண்டு காட்டுது?”



“நிப்பாட்டும், பிள்ளை. என்னட்டை நாலு லைன்தான் இருந்தது. நாலு பேர்தான் வரலாம். அஞ்சாவதா ஒண்டு வந்துகொண்டிருந்தது. கதைக்காது. ஆக்களுக்குப் பின்னாலை அறை அறையாத் திரியும். அதாலைதான் மூடினனான்.”

“எனக்குப் பின்னாலையும் வந்தது. அண்டைக்கு ஓடினனான். இண்டைக்கு ஓடமாட்டன். அதைப் பூட்டி வைக்க, புது அறை கட்டுற பாஸ்வேர்ட்டைத் தாங்கோ.”

வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னார்.

தொலைபேசியை வைக்காமலே, யார் நீ என்று தட்டினாள். பதில் எழுத்தெழுத்தாக வந்தது.

ஆறாம் மாடி. மேசையில் ஆறிய தேநீர். மேற்கே கதவு.

அவளுடைய வீடு.

ஆனாலும் தட்டினாள். புதிய அறை. நான்கு சுவர். கதவு இல்லை. ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்பு.

விசிறி நின்றது. ரயில் சத்தமும் நின்றது. தொலைபேசியில் றெஜினோல்ட்டின் மூச்சும் இல்லை.

எழுந்தாள். திரும்பினாள்.

கதவு இருந்த இடத்தில் சுவர். ஜன்னல் இருந்த இடத்திலும் சுவர். தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அதை அடைக்க அவள் கட்டிய அறைக்குள் அவளும் இருந்தாள்.

அவள் அலறவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு மறுபடியும் இருந்தாள்.

“சரி. நீ போகுமட்டும் நானும் போகமாட்டன்.”

விசைப்பலகையில் ஒரு விசை தானாகக் கீழிறங்கியது. எழும்பியது. மறுபடியும் இறங்கியது.

அதன்மேல் விரலை வைத்து அழுத்தினாள். கீழிருந்து ஏதோ திருப்பி அழுத்தியது. பிளாஸ்டிக் இல்லை. ஈரம். குளிர். நுனியில் ஒரு நகம்.

அவள் விரலை எடுக்கவில்லை.