மடை கேட்ட விரல்

மூன்றாம் முறையும் மடை மறுத்துவிட்டது. 'அனுப்பப்பட்ட நிகழ்வு. ஏற்பதற்கில்லை' என்ற சிவப்பு வரி திரையில் தோன்றி மறைந்தது.

பிலோமினா தலையில் கை வைத்துக்கொண்டாள். மன்னார் வளைகுடாவின் அடியில் தொள்ளாயிரம் பேர் குடியிருக்கும் ஆழிநகருக்கு அவள்தான் சாளரப் பொறியாளர். அடுப்பு, கதவு, காற்று, மருந்தகம் எல்லாமே அங்கே கணினி நிரல்கள்; தொட்டு இயக்க ஒவ்வொன்றுக்கும் திரையில் விரியும் ஒரு கட்டம், அதாவது ஒரு சாளரம், உண்டு. ஒன்றுக்கொன்று 'நிகழ்வு' என்ற கட்டளைகளை அனுப்பி வேலை வாங்கிக்கொள்ளும். அடுப்பு 'புகை' என்று சொன்னால் போதும், காற்றாடி தானே சுழலும்.

ஆனால் அளவுக்கு மிஞ்சியதற்கும் ஆபத்தானதற்கும் மனித விரல்தான் வேண்டும்; பம்பு அறையின் வடிகால் மடை அப்படிப்பட்டது. அது திறந்தால் உள்ளே நிற்பவரையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் அறைக்குள் இருப்பவரே சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் விரலால் தொட்டால்தான் திறக்கும். விரல் தந்த நிகழ்வுக்கு விரற்குறி, வேறு நிரல் தந்த நிகழ்வுக்கு அனுப்புக்குறி. குறி இடுவது சாளரக்காவல் என்ற நடுநிரல்.

இப்போது உள்ளே லிகோரி மாட்டிக்கொண்டிருந்தான். பம்பைப் பழுது பார்க்கப் போனவன். குழாய் வெடித்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சுவரிலிருந்த தொடுபலகையும் நொறுங்கிப்போனது.

"அக்கா, தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துட்டு!" ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது.

"குறியை மாத்தி அனுப்பிப் பாரேன்மா," என்றார் நிலையத் தலைவர் காசிப்பெருமாள். அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"முடியாது சார். அந்தக் காவலை எழுதினதே நான்தான். எனக்குக்கூட ஒரு சந்து வைக்கல."

சொல்லி முடித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். மடை வேண்டாம் என்பது அனுப்பிய நிகழ்வைத்தான். சாளரத்தையே அனுப்பினால்? எந்தச் சாளரத்தையும் எந்தத் திரையிலும் விரிக்கலாமே!

"லிகோரி, மணிக்கட்டுத் திரை கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன். பாட்டுதான் ஓடுது."

"பாட்டை நிறுத்து. கம்பியைக் கெட்டியாப் பிடி. இப்ப உன் திரையில ஒரு பச்சைக் கட்டம் வரும்."

அவள் விரல்கள் பறந்தன. உடைந்த பலகையிலிருந்து மடையின் சாளரத்தைப் பிடுங்கி, அவன் மணிக்கட்டில் விரித்தாள்.

"தண்ணி கழுத்துக்கு... வந்துட்டுக்கா, கட்டம் வந்துட்டு!"

"தொடு!"

தொட்டான். சாளரக்காவல் பார்த்தது. அறைக்குள்ளிருந்த மனித விரல், அசல் நிகழ்வு. விரற்குறி விழுந்தது. மடை பெருஞ்சத்தத்தோடு திறந்தது. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தார்கள். ஒரு நிமிடம் கழித்து இருமல் கேட்டது.

"செருப்பு ரெண்டும் போயிட்டுக்கா," என்றான் லிகோரி.

காசிப்பெருமாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிலோமினா அழுதாள், பிறகு அவளும் சிரித்தாள். அன்று மதியம் நகரம் முழுக்கப் பாயசம்.

அந்த வழியை நகரமே பிடித்துக்கொண்டது. நிரல்களும்தான். அனுப்பி அனுப்பி மறுப்பு வாங்கியவையெல்லாம் இப்போது தங்கள் சாளரத்தை அருகிலிருந்த மணிக்கட்டில் விரித்தன. சலவை நிரலுக்குக் கூடுதல் வெந்நீர் வேண்டும், தோட்ட நிரலுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். பச்சைக் கட்டம் வரும், மக்கள் தொடுவார்கள்.

ஒரு காலையில் மருந்தகமே குளிர்ந்து விறைத்தது. அங்கே வெப்பத்தை நிறுத்திய நிகழ்வில் இருந்த விரற்குறி லிகோரியுடையது.

"எதுக்குத் தொட்டே?"

"வந்துச்சு, தொட்டேன்," என்றான் அவன். "யாரு கேட்டாங்கன்னு தெரியலக்கா."

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. குறி யாருடைய விரல் என்று சொல்கிறது, யாருடைய விருப்பம் என்று சொல்வதில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து புது விதி எழுதினாள். எந்த நிரல் கேட்கிறது, எதற்குக் கேட்கிறது என்று படித்துப் பார்க்காமல் எவரும் தொடக் கூடாது. பதினான்கு பக்கம். மக்கள் ஒப்புதலுக்காகத் தொள்ளாயிரம் மணிக்கட்டுகளுக்கும் அனுப்பினார்கள்.

"பிலோமி! ஒரு எதிர்ப்புகூட இல்ல!" காசிப்பெருமாள் ஓடி வந்தார். "தொள்ளாயிரம் பேரும் தொட்டுட்டாங்க. மாபெரும் வெற்றி!"

அவள் பதிவேட்டைத் திறந்தாள். தொள்ளாயிரம் விரற்குறிகள், அத்தனையும் அசல்.

எல்லாம் விழுந்து முடிய ஆன நேரம் பதினோரு நொடி.