இடக்கை அரிசி

ஹெட்போனில் பல்லவி முடிகிற இடத்தில் 'நறுக்' என்றது. சத்யப்ரியா பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். கிதார் இல்லை, டிரம்ஸும் இல்லை. எச்சில் ஊறிய வாய்க்குள் யாரோ பச்சரிசியை நிதானமாக மெல்லுகிற சத்தம்.

"பாண்டி, இங்கன என்னமோ கேக்குதுடா."

"தறிச் சத்தமா இருக்கும்க்கா," என்றான் கிதார் வாசிக்கும் பாண்டிராஜ். செல்லூரில் அவன் வீட்டு மாடிதான் ஸ்டூடியோ.

"ஞாயித்துக்கிழம எவன்டா தறி ஓட்டுறான்?"

பதினோரு வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் ஊரார் பாட்டைப் பாடித் தொண்டை வறண்டவளுக்கு இதுதான் முதல் சொந்தப் பாட்டு. வெள்ளிக்கிழமை வெளியீடு. பல்லவிக்கு அடியில் ஓடுகிற ஒப்பாரி, போன மாதம் எழுமலையில் பெரியம்மா ஒச்சம்மாள் செத்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனில் பிடித்தது. "வாயத் தொற ஆத்தா" என்று சொல்லிச் சொல்லி ஊட்டி வளர்த்த பெரியம்மா. வாய்க்கரிசி போட இவள் முறை வந்தபோது வலது கையில் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல இடத்தில் அறுந்து தொலையக் கூடாதே என்று இடது கையால் போட்டாள், கால் கழுவுகிற கையால். தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டு தளர்ந்து, வெற்றிலைக் கறை ஏறிய பற்கள் தெரிந்தன. விரல் உள்ளே பட்டது. ச்சீ! செத்து ஒரு பகல் ஆகியும் ஈரமாக இருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது, ஊறிப் புளித்த அரிசியும் வாடிய மாலையும் சேர்ந்த வாடை தொண்டைக்குள்ளிருந்து வந்தது. நாக்குக்கு அடியில் ஏதோ உறுத்த, விரலை விட்டு எடுத்தாள். ஓர் அரிசி. கொழகொழவென்று, வெற்றிலைச் சிவப்போடு. துப்பினாள். இன்னும் ஏழெட்டு, எச்சில் நூலில் கோத்த மாதிரி வந்து விழுந்தன. குமட்டிக் குமட்டி வாய் கொப்பளித்தாள். ஈறுக்குள் மறுபடி ஒன்று முளைத்து நின்றது.

வியாழக்கிழமை பாண்டிராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். "அக்கா, பாட்டத் தள்ளிப் போடுவமா? எனக்கும் வாயெல்லாம் ஒரு மாதிரி..."

அவளுக்குத் தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். ஆனால் பதினோரு வருஷம்! வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "சூடுடா. மோரக் குடி. நாளைக்கு விட்டுரு."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பாட்டு வெளியானது. பன்னிரண்டுக்குள் நாலாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து கமெண்டுகளைப் படித்தாள்.

'பாட்டு செம. ஆனா கேட்டதுல இருந்து வாயில என்னமோ நறநறங்குது.'

'எனக்கும்.'

'எனக்கும்.'

அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, வீட்டில் பிள்ளை! அம்மா பாட்டை முதல் ஆளாக நான்தான் கேட்பேன் என்று பள்ளிக்கூடம் போகாமல் காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்த ஐந்து வயது சுபலட்சுமி.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்றே தெரியவில்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே புளித்த வாடை.

"சுபா! அதக் கழட்டுடி!"

குழந்தை திரும்பியது. காதில் ஹெட்போன். இரண்டு கன்னமும் உப்பல். தாடை மெல்ல அசைந்தது. நறுக். நறுக். கடைவாயில் சிவப்பாக ஒழுகியது.

சிரித்தது. இடது கையை நீட்டியது. மென்ற அரிசி, ஒரு பிடி.

"வாயத் தொற ஆத்தா."

சத்யப்ரியா பல்லைக் கடித்தாள். இறுகக் கடித்தாள்.

வாய் தானாகத் திறந்தது.